டேப்புக்காரம்மாவின் சந்தேகம்

எங்கள் வீட்டில் இருந்த எடை பார்க்கும் மெஷினை அந்த அம்மா நம்பவில்லை. அது பழையது, போகட்டும். தான் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்த மெஷினையும் அவர் நம்பவில்லை. கூடத்தில் தரை சமமாக இருக்கிற இடமாகப் பார்த்து அதை வைத்தார். பிறகு என் தங்கை ஸ்டெல்லாவிடம், “பிரிக்காத அரிசிச் சிப்பம் ஏதாவது இருக்காம்மா?” என்று கேட்டார். இருந்தது. அவரே அதைத் தூக்கிவந்து மெஷின்மேல் நிறுத்தி, குனிந்து எண்ணைப் பார்த்தார்.

“மூட்டையில போட்டிருக்கிறதும் இதுல காட்டுறதும் ஒத்து வரல. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. எதுன்னு அடுத்த வீட்டுச் சிப்பத்துல பாத்துக்குவோம்.”

அதற்குப் பிறகுதான் அவள் மகன், என் மருமகன் அருளை ஏறி நிற்கச் சொன்னார்.

தேதி போடாமல் எதையும் எழுதி எனக்குப் பழக்கமில்லை. எங்கள் பங்குக் கோயிலுக்கு மணி வந்தது, பெரிய கண்மாய் உடைந்தது, குளத்தூருக்கு முதல் பஸ் ஓடியது என்று எதைப் பற்றிக் கேட்டாலும் நாளோடு சொல்லக்கூடியவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் இது அருளைப் பற்றியதும் ஆகும் என்பதால் ஆண்டை விட்டுவிடுகிறேன். மாதங்களை மட்டும் சொல்கிறேன். அந்த அம்மா முதன்முதலில் வந்தது ஐப்பசியில், விட்டு விட்டு மழை பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை.

அதே ஆண்டு ஆனியில்தான் அருளுக்கு மனம் கலங்கியது. திருச்சியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். விடுதியில் கூட இருக்கிற பையன்கள் தன் நினைப்பை செல்போன் வழியாகப் படிக்கிறார்கள் என்று தூங்காமல் உட்கார்ந்திருந்தவனை நான்தான் போய் அழைத்துவந்தேன். அவன் அப்பா குவைத்தில் இருந்தார். ஆஸ்பத்திரியில் காட்டினோம். மாத்திரை கொடுத்தார்கள். ஆவணி முடிவதற்குள் பேச்சு தெளிந்துவிட்டது. காதில் கேட்ட குரல்கள் தூரமாகிவிட்டதாக அவனே சொன்னான். அந்த ஆஸ்பத்திரியோடு சேர்ந்து வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்துதான் இந்த அம்மா வந்தார். நர்சிங் படித்தவர். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். பழைய ஸ்கூட்டர். முதல்முறையாக மனநோய் கண்ட பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்ப்பது அவர் வேலை.

“குரல் கொறஞ்சிருக்கா தம்பி? நல்லது. அத டாக்டர்ட்ட சொல்லுங்க. எனக்கு இடுப்பக் காட்டுங்க” என்பார். கைப்பையிலிருந்து தையற்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு டேப் வெளியே வரும். அதனால் தெருவில் அவருக்கு டேப்புக்காரம்மா என்று பெயர் வந்தது.

தெருவுக்கு அவர்மேல் சந்தேகம். “மண்டையில கோளாறுன்னா மண்டையப் பாக்கணும். இவ என்னடி இடுப்ப அளக்குறா, ஜாக்கெட்டா தைக்கப் போறா?” என்று எதிர்வீட்டு மரியபுஷ்பம் அந்த அம்மாவின் காதில் விழும்படியே கேட்டாள்.

“ஒங்களுக்கும் அளக்கட்டுமா? சும்மாதான்” என்றார் அந்த அம்மா. மரியபுஷ்பம் உள்ளே போய்விட்டாள்.

எனக்கு இருந்த சந்தேகம் வேறு. ஏழைகள் மேல் புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறையப் படித்திருக்கிறேன். ரத்தம் எடுக்கிறார்கள், எடை குறிக்கிறார்கள், காசு வாங்குவதில்லை. காசு வாங்காதவர்கள்மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். அடையாள அட்டை கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“கேக்கணும் சார். எந்த வீட்டுலயும் யாருமே கேக்கிறதில்ல” என்று அட்டையை எடுத்து நீட்டினார். “ஆனா இதயும் நம்பாதீங்க. கார்டு யாரு வேணாலும் அடிக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேளுங்க. நம்பர நான் தரமாட்டேன். நீங்களே தேடி எடுங்க.”

தேடி எடுத்துக் கேட்டேன். ஆமாம், எங்கள் ஆள்தான் என்றார்கள். அதன் பிறகு என் சந்தேகம் குறையவில்லை, கூடியது. ஒருவர் இவ்வளவு தயாராக ஏன் இருக்க வேண்டும்?

யார் எதைச் சொன்னாலும் இன்னொருவரிடம் கேட்பது அவர் வழக்கம். அருளிடம் “நேத்து என்ன சாப்ட்டீங்க?” என்பார். அடுப்படிக்குப் போய் ஸ்டெல்லாவிடம் அதையே கேட்பார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடமும் கேட்பார். மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால், “பேசி வச்சுக்கிட்டீங்களா?” என்பார். சிரிக்காமல்தான் கேட்பார். அவர் சிரித்தால் கேலி, சிரிக்காவிட்டால் நிஜம் என்று பிரித்துக்கொள்ள எங்களால் கடைசிவரை முடியவில்லை.

கார்த்திகையில் அருள் நன்றாகச் சதை போட்டுவிட்டான். சட்டை எல்லாம் பிடித்தது. எங்கள் பக்கத்தில் நோயில் விழுந்து எழுந்தவன் பருத்தால், அவன் பிழைத்துக்கொண்டான் என்று அர்த்தம். கோயிலுக்குப் போனால் பூசை முடிந்து வெளியே வருகிற ஒவ்வொருவரும் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “பையன் ஒடம்பு தேறிட்டான்டி, மாதா கண்ணத் தொறந்துட்டா” என்றார்கள். அவளும் பாதி ராத்திரிப் பசிக்குக்கூட எழுந்து தோசை ஊற்றினாள். ஆனியில் சோற்றைத் தொடாமல் எலும்பாகக் கிடந்த பிள்ளை தட்டை நீட்டி நீட்டிக் கேட்டால் எந்தத் தாய் மாட்டேன் என்பாள்?

அந்த அம்மா மட்டும் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, “இது தேறுன ஒடம்பு இல்லம்மா, மாத்திர போட்ட ஒடம்பு” என்றார். “இந்த மாத்திர பசியக் கூட்டும். கொழுப்பு, சர்க்கரை எல்லாத்தயும் கூட்டும். இந்தப் புள்ளைக நெறைய பேரு மனசு சரியாயி, அப்பறம் நெஞ்சு வலியில சின்ன வயசுலயே போறாங்க. யாரும் கணக்குல எடுத்துக்கிறதில்ல.”

“அப்ப மாத்திரைய நிறுத்திரவா?”

“நான் அப்பிடிச் சொன்னனா? சொல்லாததக் கேட்டுட்டு எம்மேல பழி போடாதீங்க. மாத்திர மாத்திரபாட்டுக்குப் போகட்டும். தோசையக் கொறைங்க. தம்பி நடக்கட்டும்.”

அருள் குன்றாண்டார்கோவில் ரோட்டில் காலையில் நடக்க ஆரம்பித்தான். நடந்தேன் என்று சொன்னால் அந்த அம்மாவுக்குப் போதாது. செருப்பைத் திருப்பிக் காட்டச் சொல்லி அடியைத் தடவிப் பார்ப்பார்.

தையில், பொங்கல் கழிந்த வாரம், வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வந்தார். காலையிலேயே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

“சர்க்கரை தூக்கலா இருக்கு. காலையில தம்பிக்கு என்ன குடுத்தீங்க?”

“ஒண்ணும் குடுக்கல மேடம்.”

“தண்ணி?”

“தண்ணி மட்டும்.”

அவர் வழக்கம்போல அருளிடம் போய்க் கேட்டார். அவன், “அம்மா பூஸ்ட் குடுத்துச்சு” என்று சொல்லிவிட்டான். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்தால் மயக்கம் போட்டுவிடும், உள்ள சத்தும் போய்விடும் என்று எங்கள் பக்கத்துத் தாய்மார்களுக்கு ஒரு பயம். ரத்தம் கொடுக்கப் போகிற பிள்ளைக்கு ஒரு டம்ளர் பாலாவது ஆற்றிக் கொடுத்துவிட்டு, கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார்கள். ஸ்டெல்லா அதைத்தான் செய்திருந்தாள்.

மரியபுஷ்பம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் எதிரிலேயே அந்த அம்மா கேட்டார். “ரத்தத்துக்கே பொய் சொல்லிட்டீங்க. இனிமே மாத்திர குடுத்தேன்னு நீங்க சொல்றத நான் எப்பிடிம்மா நம்புறது?”

ஸ்டெல்லாவுக்குக் கண் சிவந்துவிட்டது. “எம்புள்ளைக்கு நானா மாத்திர குடுக்காம இருப்பேன்? ஆனியிலேர்ந்து ஒரு நாளு நான் முழுசாத் தூங்கிருப்பனா? நீங்க பெத்தீங்களா, நான் பெத்தேனா? இனிமே இந்தப் படி ஏறாதீங்க.”

அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டார். மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். பூஸ்ட்டால் வந்த சர்க்கரைதான், பதற வேண்டாம், ஆனால் எடுக்க வேண்டும் என்றார். ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு அடுத்த வாரம் ஒரு நாள் கீரனூர் போய்விட்டுத் திரும்பினேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் நிழற்குடையில் அருள் அந்த எடை மெஷின்மேல் நின்றுகொண்டிருந்தான். அந்த அம்மா கீழே குந்தியிருந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. வீட்டில் வேண்டாம் என்று சொன்ன பிறகு பிள்ளையைத் தெருவில் வைத்து அளப்பதா? அருளை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

“எதுக்குடா அந்த அம்மாட்டப் போற?”

“நாந்தான் மாமா போன் பண்ணி வரச் சொன்னேன்.”

“ஏன்?”

“எல்லாரும் நம்பு நம்புங்கிறீங்க. டாக்டரு நம்புங்கிறாரு, அம்மா நம்புங்குது, சாமியாரு நம்புங்கிறாரு. அவங்க ஒருத்தங்கதான் அப்பிடிச் சொல்றதில்ல. அவங்க யாரையும் நம்ப மாட்டாங்க மாமா. அதனால அவங்கள நம்பலாம்.”

நோய் பேசுகிறதா, பிள்ளை பேசுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அந்த அம்மா என்னருகில் நிறுத்தினார். “சார், ஒரு வார்த்த. எட கொறஞ்சிருக்கு.”

“நீங்கதான கொறைக்கச் சொன்னீங்க?”

“ஆமா, சந்தோசப்படணும். ஆனா செருப்பப் பாத்தேன். இவ்வளவு எட எறங்குற அளவுக்கு அந்தச் செருப்பு நடக்கல. வீட்டுல சாப்பாட்டக் கொறச்சிருக்கீங்களா?”

“நோன்பு நடக்குதும்மா. வீட்டுல எல்லாரும் ஒருவேளதான்.”

“தம்பியுமா?”

அருள் முந்திக்கொண்டு, ஆமாம், தானும் நோன்பு இருப்பதாகச் சொன்னான். எனக்கு அது தெரியாது. அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரத்தம் எடுக்கணும் சார். கூட்டிட்டு வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஸ்டெல்லாவிடம் நான் இரண்டாவது முறையும் பேசிப் பார்த்தேன். வீட்டுக்குள் விடவில்லை என்றதும் பிள்ளையைத் தெருவில் வளைத்துப் பிடிக்கிறாளா என்று அவளுக்குக் கோபம் இன்னும் அதிகமானது.

பங்குனி வெயில். முந்திரிப்பழம் பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அருள் தண்ணீராகக் குடித்தான். வெயிலுக்குத் தாகம் என்று ஸ்டெல்லா நன்னாரி சர்பத் கலக்கிக் கொடுத்தாள், கரும்புச்சாறு வாங்கி வந்தாள், முந்திரிப்பழத்தை உப்புப் போட்டு வைத்தாள். புனித வாரத்தின் தொடக்கத்தில் அவன் பேச்சு மாறியது.

“மாமா, குடிக்கிற தண்ணிய நான் குடிக்கல. எனக்குள்ள இருந்து வேற யாரோ குடிக்கிறாங்க. எனக்குன்னு ஒரு சொட்டு நிக்க விட மாட்றாங்க.”

ஸ்டெல்லா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எங்களுக்கு இந்தப் பேச்சு தெரியும். ஆனியில் செல்போன், இப்போது தண்ணீர். நோய் திரும்பிவிட்டது என்று முடிவு செய்துவிட்டோம். குவைத்திலிருந்து அவன் அப்பாவும் அதையே சொன்னார். பெரிய வெள்ளியன்று தியான இல்லத்துக்குக் கூட்டிப் போய் ஜெபம் பண்ணிவிட்டு, திங்கட்கிழமை டாக்டரிடம் போய் மாத்திரையைக் கூட்டச் சொல்லலாம் என்று பேசி வைத்திருந்தோம்.

பெரிய வியாழன் காலையில் அருள் வாந்தி எடுத்தான். கிணற்றடியில் துவைக்கிற கல்லில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். என்னைக் கூப்பிட்டு, “மாமா, அந்த மேடத்த வரச் சொல்லுங்க. அவங்க வந்தா யாரு குடிக்கிறாங்கன்னு கண்டுபிடிச்சிருவாங்க” என்றான். அவன் கேட்டதால்தான் போன் செய்தேன். வேறு நினைப்பு எதுவும் எனக்கு இல்லை.

அந்த அம்மா வந்து வாசற்படியில் நின்றார். ஏறவில்லை. ஸ்டெல்லா தலையைத் திருப்பிக்கொண்டு, “வாங்க” என்றாள்.

கிணற்றடிக்குப் போய் அருளின் முகத்துக்கு அருகில் குனிந்து மூச்சை முகர்ந்து பார்த்தார். கண் சுருங்கியது. பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷினை எடுத்தார். அருள் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

“ஊசியில என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல தம்பி. வெறும் ஊசி.”

“ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்களா செஞ்சீங்க?”

“ரைட்டு. ஒங்க எடத்துல இருந்தா நானும் இதத்தான் கேப்பேன்.” ஊசி டப்பாவை அவன் முன்னால் கொட்டினார். “எனக்கு ஒண்ணு நீங்க எடுங்க. மொதல்ல எனக்குக் குத்திக்கிறேன்.”

அவன் யோசித்து அடியில் கிடந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அவர் தன் விரலில் குத்தி எண்ணைக் காட்டினார். “அம்மாவுக்கு” என்று இன்னொன்றை எடுத்தான். ஸ்டெல்லா மறுபேச்சு இல்லாமல் விரலை நீட்டினாள். பிறகு என்னைப் பார்த்தான். எனக்கு வந்த எண்ணைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, “சார், ஒங்களோடதப் பத்தி அப்பறம் பேசுவோம்” என்றார். அந்த நேரத்திலும் அருளுக்குச் சிரிப்பு வந்தது. தனக்கும் ஒன்று எடுத்து நீட்டினான்.

அவன் ரத்தத்துக்கு மெஷின் எண்ணே காட்டவில்லை. தன்னால் அளக்க முடியாத உயரம் என்பதற்கான எழுத்துகள் மட்டும் வந்தன. ஸ்டெல்லா என்ன என்ன என்று கேட்டாள். அந்த அம்மா அருளிடம், “முந்திரிப்பழம் தின்ன கையா? சோப்புப் போட்டுக் கழுவுங்க” என்றார். கழுவித் துடைத்து, வேறு விரலில் மறுபடி குத்தினார். அதே எழுத்துகள்.

“இப்ப நம்புறேன்” என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். “சார், காரு புடிங்க. தியான இல்லத்துக்கு இல்ல. பெரியாஸ்பத்திரிக்கு. தம்பி, தண்ணி குடிக்கிறது யாருன்னு கண்டுபுடிச்சிட்டேன். சர்க்கரை.”

புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் டாக்டர் அவனைப் பார்த்த உடனே உள்ளே எடுத்துக்கொண்டார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் நினைவு தப்பியிருக்கும், அதன் பிறகு எதுவும் உறுதியில்லை என்று எங்களிடம் ஒளிக்காமல் சொன்னார். மனநோய் டாக்டரையும் வரவழைத்து, எந்த மாத்திரையை எப்படி மாற்றுவது என்று இருவரும் பேசினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது, கையில் டியூப் மாட்ட விடாமல் அருள் அந்த அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன ஏத்துறாங்கன்னு யாரு பாக்குறது?”

“நான் பாக்குறேன்.”

“எல்லா பாட்டிலயும்?”

“எல்லா பாட்டிலயும் படிச்சுப் பாத்துட்டுத்தான் மாட்ட விடுவேன்.”

அங்கே வேலை செய்த நர்சுகளில் ஒருவர் அவருக்குத் தெரிந்தவர். அதைச் சொல்லி உள்ளே போகவும் வரவும் அனுமதி வாங்கிக்கொண்டார். மறுநாள் பெரிய வெள்ளி. ஸ்டெல்லா பச்சைத் தண்ணீர் தொடாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“படி ஏறாதீங்கன்னு சொன்னேன்” என்றாள் ஸ்டெல்லா.

“அத விடுங்க. தையிலேயே இன்னொரு தடவ எடுத்திருக்கணும். பூஸ்ட்டு மேல பழியப் போட்டுட்டு நான் போயிட்டேன். பொய்யக் கண்டுபுடிச்ச சந்தோசத்துல நம்பரப் பாக்காம விட்டுட்டேன்.”

தையிலேயே அவனுக்குச் சர்க்கரை வந்திருந்ததா என்று பிற்பாடு டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அந்த அம்மாவுக்கும் இருந்திருக்கும்.

சனிக்கிழமை மாலை அருளைப் பார்க்க எங்களை உள்ளே விட்டார்கள். கண் தெளிந்திருந்தது. உதடு வெடித்திருந்தாலும் ஈரம் தெரிந்தது. எங்களைப் பார்க்காமல், கால்மாட்டில் நின்ற அந்த அம்மாவைப் பார்த்தான்.

“எல்லாத்தயும் பாத்தீங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஸ்டெல்லா பின்னாலிருந்து அவர் முழங்கையை இடித்தாள். நானும் அதைத்தான் விரும்பினேன்.

“இல்ல தம்பி” என்றார் அந்த அம்மா. “மத்தியானம் பசி தாங்கல. கேன்டீனுக்குப் போயிட்டேன். நான் இல்லாதப்ப ரெண்டு பாட்டில் மாத்திருக்காங்க. அது ரெண்டயும் நான் பாக்கல.”

அருள் தலையைத் திருப்பி, கம்பியில் தொங்கிய பாட்டிலைப் பார்த்தான். டியூப் வழியாக அவன் கண் மெல்ல இறங்கி, மணிக்கட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி வரை வந்தது. ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் பிய்த்தெறிந்துவிடுவான் என்றுதான் நானும் நினைத்தேன். இன்னொரு கையை எடுத்து அந்தப் பிளாஸ்திரியைத் தொட்டான். ஓரத்தில் கிளம்பியிருந்ததை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டான்.

“சாப்பாடு நல்லாருந்துச்சா?” என்று கேட்டான்.